நெஞ்சுக்கு இடம் மாறிய கால் நரம்பு

அடைப்பு எடுக்கிற தொழில் எங்களுடையது. வீட்டுச் சாக்கடைக் குழாய்க்கு வருகிறவருக்கும் எங்களுக்கும் ஒரே வித்தியாசம்தான். வேலை முடிந்ததும் அவருடைய குழாய் எழுந்து உட்கார்ந்து, "மிஸ்ஸி, நாளைக்கு ரொட்டி சானாய் சாப்பிடலாமா?" என்று கேட்காது.

ஜொகூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் தாதி. இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாய்களைப் படம் பிடித்து, அடைப்பு இருந்தால் திறக்கிற அறையில் வேலை. அதை லேப் என்போம். வயசான நோயாளிகளுக்கு எந்தத் தாதியும் மிஸ்ஸிதான். மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, இன்னும் மிஸ்ஸிதான். கிடக்கட்டும்.

இதைப் படிக்கிற நீங்கள் மட்டும் என்ன, நம்பர் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஏர்கான் குளிரில் நடுங்கி, கடைசியில் டாக்டர் சொன்னதில் பாதி புரியாமல் வீட்டுக்குப் போனவர்கள்தானே? உங்களுக்குத்தான் சொல்கிறேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற எங்களுக்கும் பல நாள் பாதிதான் புரியும்.

நடந்து தேய்ந்தது

பைபாஸ் என்றால் என்னவென்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதயத்துக்குப் போகிற குழாய் அடைத்துக்கொண்டால், அடைப்பைத் தாண்டி ரத்தம் போக மாற்றுப் பாதை போடுவார்கள். அந்தப் பாதைக்கு ஒரு குழாயை நெஞ்சுக்குள்ளிருந்தே எடுப்பார்கள். அது பெரும்பாலும் நெடுநாள் உழைக்கும். மிச்சத்தைக் காலில் இருந்து உருவுவார்கள். டாக்டர் அதற்கு வெய்ன் என்பார், நம் ஆட்களுக்கு அது கால் நரம்பு. காலில் ரத்தம் மெதுவாக ஓடும், இந்த நரம்பு அதற்குப் பழகியது. அதைக் கொண்டுபோய் இதயத்தில் ஒட்டினால், அங்கே அடிக்கிற அடியில் நாளாக ஆகத் தடித்து, உள்ளே கொழுப்பு படிந்து, குறுக ஆரம்பித்துவிடும். எல்லாருக்கும் இல்லை, ஆனால் நிறையப் பேருக்கு.

மாணிக்கம் அண்ணன் அப்படித்தான் வந்தார். பெக்கான் நானாஸ்காரர். அன்னாசியை டின்னில் அடைக்கிற ஃபேக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். பைபாஸ் செய்து பத்து வருஷத்துக்கு மேல் நன்றாகத்தான் இருந்தார். அப்புறம் சந்தைக்கு நடந்தால் நெஞ்சை இறுக்குகிறது என்று வந்து சேர்ந்தார். படம் எடுத்துப் பார்த்தால், கால் நரம்பு ஒன்று நடுவில் சுண்டிப்போய்க் கிடக்கிறது.

எங்கள் டாக்டர் லிம் ஒரு சீன அம்மா. அவர் திரையைக் காட்டி மலாயில் விளக்க, நான் தமிழில் ஒப்பித்தேன். மறுபடியும் நெஞ்சைத் திறந்து ஆப்பரேஷன் செய்வது இந்த வயசில் பெரிய ஆபத்து. அதனால் குறுகின இடத்தில் ஸ்டென்ட், அதாவது கம்பி வலையால் ஆன குட்டிக் குழாயை வைத்து விரித்துவிடலாம். அண்ணன் திரையைப் பார்த்தார். அப்புறம் வேட்டியைக் கொஞ்சம் தூக்கி, கெண்டைக்கால் தழும்பைத் தடவிக்கொண்டார்.

"கால்ல இருந்தப்பவே அது ரொம்ப நடந்திருச்சு மிஸ்ஸி. நெஞ்சுக்கு வந்தாச்சும் ரெஸ்ட் கிடைக்கும்னு பார்த்திருக்கும், பாவம்."

பாஷை மாறினால் பயம்

கால் நரம்பில் ஸ்டென்ட் வைப்பதில் ஒரு தொல்லை இருக்கிறது. பழைய நரம்பின் உள்பக்கம் படிந்திருப்பது ஊறின ரொட்டி மாதிரி பொலபொலவென்று இருக்கும். வலையை விரிக்கும்போது அது உதிர்ந்து ரத்தத்தோடு ஓடிப்போய், கீழே இருக்கிற மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். அதனால் முடிந்தவரை ஒரு சின்ன வடிகட்டியை முன்கூட்டியே உள்ளே அனுப்பி விரித்துவைப்போம். டீ வடிகட்டி செய்கிற வேலைதான். இவ்வளவும் நடக்கும்போது நோயாளி முழித்துக்கொண்டுதான் படுத்திருப்பார். குழாய் விடுகிற தொடையில் மட்டும் மரத்துப்போகிற ஊசி போட்டிருக்கும்.

மாணிக்கம் அண்ணனுக்கு மேசையில் ஏறியதிலிருந்து வாய் ஓயவில்லை. ஃபேக்டரியில் எந்த சூப்பர்வைசர் நல்லவர், எவர் கெட்டவர் என்று எங்கள் எல்லாருக்கும் பாடம் நடந்தது. டாக்டர் லிம் நடுநடுவே "அங்கிள், சாக்கிட் கா?" என்பார், வலி இருக்கிறதா என்று அர்த்தம். இவர் இல்லை என்று தலையாட்டிவிட்டுக் கதையைத் தொடர்வார். ஸ்டென்ட் விரிந்தது. விரிந்த கையோடு ரத்த ஓட்டம் நொண்டியது. வடிகட்டியையும் மீறி ஏதோ கீழே போயிருக்கிறது. அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. டாக்டர் ஒரு மருந்து கேட்டார், கொடுத்தேன். மறுபடி கேட்டார், மறுபடி கொடுத்தேன். அடுத்து என்ன செய்வது என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் ரத்தம் மெதுவாக நகர ஆரம்பித்தது, பிறகு ஒழுங்காக ஓடியது. வடிகட்டியை வெளியே எடுத்துப் பார்த்தால் உள்ளே மஞ்சள் மஞ்சளாகத் துகள்.

எல்லாம் முடிந்து கட்டிலுக்கு மாற்றும்போது, "ரொம்ப வலிச்சிருச்சா அண்ணே?" என்று கேட்டேன்.

"வலி பரவால்ல மிஸ்ஸி. எல்லாரும் மலாய் பேசிக்கிட்டு இருந்தீங்க, டக்குனு இங்கிலீஷுக்கு மாறினீங்க பாருங்க, அப்பதான் முருகனுக்கு வேண்டிக்கிட்டேன்."

கோழியா, மீனா

வெளியே அவர் மனைவி சரோஜா அக்கா காத்திருந்தார். காலையில் உட்கார்ந்த நாற்காலியை விட்டு அசையவே இல்லை என்று காவலாளி சொன்னான். டாக்டர் லிம் அவரை உள்ளே கூப்பிட்டு, முன்னால் எடுத்த படத்தையும் பின்னால் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார். முன்னால் நூல், பின்னால் கயிறு. அக்கா இரண்டு கையையும் எடுத்துத் திரையைக் கும்பிட்டார்.

டாக்டர் நேர்மையான மனுஷி, அதனால் பேச்சு அதோடு நிற்கவில்லை. கால் நரம்பில் வைக்கிற ஸ்டென்ட் நிரந்தரம் இல்லை, இதயத்தின் சொந்தக் குழாயில் வைப்பது போல் இது உழைக்காது. அதே இடம் மறுபடி குறுகலாம், அதே நரம்பில் வேறு இடம் குறுகலாம். இரும்புக்கம்பிமேல் ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை கொடுக்கிறோம், நான் நிறுத்தச் சொல்கிறவரை ஒரு நாள்கூட நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் திடீரென்று அடைத்துவிடும், ஆள் போய்விடுவார். இவ்வளவையும் ஒன்று விடாமல் தமிழில் சொன்னேன். மாத்திரை விஷயத்தை மட்டும் திருப்பிச் சொல்லச் சொன்னேன், சரியாகச் சொன்னார். மற்றதெல்லாம் காதில் ஏறினதா என்று தெரியவில்லை.

"குறுகலாம், குறுகாமலும் இருக்கலாம்னா அதை நான் கேட்டு என்ன மிஸ்ஸி பண்ணப்போறேன்? வீட்டுக்குப் போனா கோழி குடுக்கலாமா, மீனு குடுக்கலாமா, அத மட்டும் சொல்லுங்க லா."

முனிசிபல் வேலை

டாக்டர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்பதற்குச் சாட்சி காதர் பாய். பத்து பாகாட் என்கிற ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறவர். மாணிக்கம் அண்ணனுக்கு முன்னாலேயே கால் நரம்பில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். இவரை மாதிரி ஒரு நோயாளியை நான் கண்டதில்லை. சிகரெட்டை விட்டார். கடையில் மலை மாதிரி ஆட்டுக்கறி குழம்பு கொதிக்க, முதலாளி மட்டும் மூலையில் உட்கார்ந்து ஓட்ஸ் கஞ்சி குடித்தார். மாத்திரையைத் தொழுகை நேரம் மாதிரி தவறாமல் எடுத்துக்கொண்டார். அப்படியும் ஸ்டென்ட் வைத்த இடம் மறுபடி சுருங்கிவிட்டது. எனக்கே எரிச்சலாக இருந்தது. ஊரெல்லாம் கோழித்தோலைத் தின்றுவிட்டு நடமாடுகிறது, இந்த மனுஷனுக்குப் போய் இப்படி.

அந்த நரம்பை மறுபடி மறுபடி நோண்டுவதில் பிரயோஜனம் இல்லை என்று டாக்டர் லிம் முடிவுக்கு வந்தார். பைபாஸுக்கு முன்னால் அடைத்துக்கொண்ட சொந்தக் குழாய் இருக்கிறதே, அதையே குடைந்து திறந்துவிட்டார். அரை நாள் வேலை. நல்ல ஓட்டம் கிடைத்தது. கால் நரம்பு தானாக மூடிக்கொண்டது. அதைப் பற்றி இனிக் கவலை வேண்டாம் என்று நான் விளக்கிச் சொன்னதும், பாய் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார்.

"ஆக, பழைய ரோடு அடைச்சிருச்சுன்னு புது ரோடு போட்டீங்க, இப்ப புது ரோட்ட மூடிட்டுப் பழைய ரோட்டத் தொறந்துட்டீங்க. இது ஆஸ்பத்திரி வேலை இல்லம்மா, முனிசிபல் வேலை."

சவரக்கத்தி

மாணிக்கம் அண்ணனின் நரம்பு நன்றாகவே இருந்தது. கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் சந்தைவரை நடந்தேன், வலி இல்லை என்பார். டாக்டருக்குத் திருப்தி. அண்ணனுக்கு மட்டும் ஒரு குறை. ரத்தத்தைத் தண்ணியாக்குகிற மாத்திரை என்றுதான் அவர் அதைச் சொல்வார். அதைச் சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து கதவில் லேசாக இடித்தாலும் கையில் நீலம் பூக்கிறது, பல் துலக்கினால் பேஸ்ட் சிவக்கிறது. அது இருக்கத்தான் செய்யும், பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்புவோம். தீபாவளி கழிந்து ஒரு நாள், மருந்து கவுண்டரில் அவர் பேசிக்கொண்டிருந்ததை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். கவுண்டரில் இருந்தது புதிதாக வேலைக்கு வந்த நம் தமிழ்ப்பெண்.

"ஒரு ஊசி மாதிரி சின்னதா குத்திருச்சுன்னா எவ்வளவு நேரம்மா ரத்தம் வரும்?" என்றார். அவள் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் வரும் என்றாள். "கன்னத்துல பட்டா?" என்றார். முகத்தில் இன்னும் அதிகம் வரும் அங்கிள், சவரம் பண்ணுகிற கத்தியை விட்டுவிட்டு எலக்ட்ரிக் மெஷின் வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். அவர் தலையாட்டிவிட்டு, தள்ளி உட்கார்ந்திருந்த சரோஜா அக்கா கையில் மாத்திரைப் பையைக் கொடுத்துவிட்டுப் போனார். கவுண்டர் பெண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"எவ்வளவு ஜாக்கிரதையான அங்கிள் பாருங்கக்கா! எல்லாரும் இவர மாதிரி கேட்டுக் கேட்டுச் செஞ்சா நமக்கு வேலையே இல்ல."

ஒரு நாள் தவறல

தைப்பூசத்துக்கு லீவு எடுத்து, கோயிலுக்குப் போய், வெயிலில் கால் பொசுங்கி வந்து வேலைக்குத் திரும்பியிருந்தேன். காலையில் முதல் கேஸுக்குத் தட்டு அடுக்கிக்கொண்டிருக்கும்போது எமர்ஜென்சியிலிருந்து போன். மாரடைப்பு, பைபாஸ் செய்தவர், ஸ்டென்ட் இருக்கிறது, உடனே கொண்டுவருகிறோம். கட்டில் உருண்டு வந்தது. மேலே மாணிக்கம் அண்ணன். வேர்த்துக் கொட்டி, உதடு வெளுத்து, ஒரு வார்த்தை பேசாமல். அவர் பேசாமல் இருப்பதைப் பார்த்ததும் தட்டைப் போட்டுவிட்டுக் கட்டிலுக்கு ஓடினேன்.

டாக்டர் லிம் கேட்ட முதல் கேள்வி, எங்கள் வேலையில் யாரும் கேட்கிற முதல் கேள்விதான்: மாத்திரையை நிறுத்தினாரா? ஏன் கேட்கிறோம் என்றால், நரம்பு மெல்ல மெல்லக் குறுகுவது ஒரு கதை, ஓடிக்கொண்டிருந்த ஸ்டென்ட் திடீரென்று உறைந்து போவது வேறு கதை. முன்னதற்கு நரம்பைக் குறை சொல்லலாம். பின்னதற்குப் பெரும்பாலும் மாத்திரையைத்தான் விசாரிக்க வேண்டும். அண்ணன் இல்லை என்று தலையாட்டினார். கட்டிலோடு ஓடி வந்த சரோஜா அக்காவுக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் பதில் உடனே வந்தது.

"என் கையாலதான் மிஸ்ஸி எடுத்துக் குடுக்கறேன், காலையில எந்திரிச்சதும் அதான் முதல் வேலை. முருகன் சத்தியமா ஒரு நாள் தவறல."

கன்னத்தில் திருநீறு

மேசையில் ஏற்றி, தொடையில் துணி விரித்து, முகத்துக்கு ஆக்சிஜன் வைக்கும்போதுதான் பார்த்தேன். இரண்டு கன்னத்திலும் நேருக்கு நேர் ஒரு பொட்டுத் திருநீறு. துணியால் ஒற்றினால் அடியில் ஆறிக்கொண்டிருக்கிற சின்னத் துளை. நீங்களும் தைப்பூசம் பார்த்தவர்கள்தான், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அலகு குத்தின கன்னம் அது. விரதம் ஒழுங்காக இருந்தவருக்கு வேல் குத்தினால் ரத்தம் வராது என்பது நம் சனங்களின் பேச்சு. வந்துவிட்டால் சுற்றி நிற்கிறவர்கள் வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள். கவுண்டரில் அவர் ஊசிக்குத்தைப் பற்றி ஏன் கேட்டார் என்று அப்போது விளங்கியது. எனக்குக் கோபம்தான் வந்தது. மனுஷன் செத்துக்கொண்டிருக்கிறார், இருந்தும் கோபம் வந்தது. குனிந்து காதுக்குப் பக்கத்தில் கேட்டேன். "அண்ணே, எப்ப நிறுத்தினீங்க? பொய் சொன்னா உங்களுக்குத்தான் கெடுதல்."

விரதம் ஆரம்பித்த அன்றைக்கே நிறுத்திவிட்டாராம். அக்கா கையில் கொடுப்பார். வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, பின்பக்கம் பப்பாளி மரத்தடிக்குப் போய்த் துப்பிவிடுவார். போன தடவை இதே மேசையில் படுத்துக்கொண்டு வேண்டியது, பிழைத்து எழுந்தால் அலகு குத்திக் காவடி எடுக்கிறேன் என்று. எடுத்துவிட்டார். ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. ஊரே கையெடுத்துக் கும்பிட்டதாம். புண் ஆறட்டும், அப்புறம் மாத்திரையை ஆரம்பிக்கலாம் என்று இருந்திருக்கிறார். அதற்குள் இது. சரோஜாவுக்குச் சொல்லாதீர்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏன் அண்ணே இப்படிப் பண்ணினீர்கள் என்றேன்.

"மாத்திரையாலதான் ரத்தம் வருதுன்னு ஆஸ்பத்திரிக்குத் தெரியும் மிஸ்ஸி. கோயில்ல நிக்கிற அத்தனை பேருக்கும் நான் எங்க போய் வெளக்கம் சொல்றது?"

கேட்டிருக்கலாம்

டாக்டரிடம் சொன்னேன், அவருக்குத் தெரிந்தாக வேண்டும். சரி என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையில் இறங்கினார். ஸ்டென்ட் முழுக்க ரத்தக்கட்டி. உறிஞ்சி எடுத்தோம், பலூன் விட்டோம், மருந்து கொடுத்தோம். கொஞ்சம் திறக்கும், திரும்ப மூடும். காதர் பாய்க்குச் செய்த மாதிரி சொந்தக் குழாயைத் திறக்கலாமா என்று பார்த்தால், இவருக்கு அது கல்லாகக் கிடந்தது. கடைசியில் டாக்டர் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார். எங்கள் தொழிலில் கஷ்டமான வேலை அதுதான், கீழே வைக்கிறது. நெஞ்சுக்குள்ளிருந்து எடுத்து ஒட்டின மற்றக் குழாய் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால் ஆள் பிழைத்தார். கால் நரம்பு போனது போனதுதான். அது ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்த சதையும் போனது.

டாக்டர் லிம் கையுறையைக் கழற்றிக் குப்பையில் எறிந்தார். வழக்கமாக அப்படி எறிகிறவர் இல்லை. காவடி எடுப்பதை நான் தடுத்திருப்பேன் என்று நினைத்துவிட்டாரா என்று என்னிடம் கேட்டார். சீன டாக்டருக்கு நம் வேண்டுதல் என்ன புரியும் என்று அண்ணன் நினைத்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றியது, அதைச் சொல்லாமல் கம்பிகளைச் சுருட்ட ஆரம்பித்தேன். டாக்டரே மலாயில் சொன்னார், தமிழில் இப்படி வரும்:

"எங்கம்மா வருஷம் தவறாம தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கறாங்க, சிஸ்டர். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், ஆளுக்கும் சாமிக்கும் நடுவுல ஒரு வழி பண்ணியிருப்பேன்."

அடுத்த வருஷத்துக் காவடி

இரண்டு நாள் கழித்து வார்டுக்கு அவரைப் பார்க்கப் போனேன். இதயம் முன்னைவிடப் பலவீனம். கட்டிலிலிருந்து கழிவறைக்கு நடந்தால் மூச்சு வாங்குகிறது. இனி அவ்வளவுதான், மாத்திரையோடு பார்த்துப் பார்த்து வாழ வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சரோஜா அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

என்னைப் பார்த்ததும், "எல்லாம் என்னாலதான் மிஸ்ஸி," என்று ஆரம்பித்தார். விரதத்துக்கு நடுவில் செனாயில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே மீன் பொரித்துக்கொண்டிருந்தார்களாம். சாப்பிடவில்லை, சத்தியமாகச் சாப்பிடவில்லை, தாகமாக இருந்தது, ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தாராம். அந்தத் தீட்டுதான் அவர் நெஞ்சில் வந்து இறங்கிவிட்டது. முருகன் காவடியை ஏற்றுக்கொள்ளவில்லை. அதனால் வேண்டிக்கொண்டாராம். அடுத்த வருஷம் அண்ணன் முதுகிலும் கொக்கி குத்தி, பெரிய காவடியாக எடுப்பார். தான் ஒரு மண்டலம் பச்சைத் தண்ணீர்கூட வெளியே குடிக்கப்போவதில்லை.

எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நோயாளி சொல்லாதே என்றதை நான் சொல்ல முடியாது. அண்ணனைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா ஒரு டம்ளர் தண்ணீருக்காகத் தன்னைத்தானே தின்றுகொண்டிருக்கிறார், இந்த மனுஷன் கூரையில் என்ன தேடுகிறார் என்று எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, காவடியாமே, முதுகுல கொக்கியாமே, கேட்டீங்களா?" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

"நீ ஒண்ணும் பண்ணல சரோ," என்றார். இருமிவிட்டு மறுபடி சொன்னார். மாத்திரையைச் சொன்னார். பப்பாளி மரத்தைச் சொன்னார். அக்கா ஏன் என்று ஒரே வார்த்தை கேட்டார். "ரத்தம் வந்தா என்னையா சொல்லுவாங்க? வீட்டுல பொம்பள சுத்தபத்தமா இல்லன்னு உன்னத்தான் சொல்லுவாங்க. அத்தனை பேர் முன்னால உன்ன அப்படி நிக்க வெக்க எனக்கு மனசு வரல," என்றார் அண்ணன். பக்கத்துக் கட்டில் சீனத் தாத்தாவுக்குத் தமிழ் தெரியாது, அவர்கூட மாண்டரின் வீடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டார்.

சரோஜா அக்கா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றி, அவர் தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்க வைத்தார். ஓரத்தில் வழிந்ததை முந்தானையால் ஒற்றினார். அந்தக் கன்னத்துத் துளைமேல் கை பட்டதும்தான் குரல் உடைந்தது.

"கோயில் வரைக்கும் உங்க பக்கத்துலதானே நடந்து வந்தேன்? தோள்ல துண்டு இருந்துச்சு. ரத்தம் வந்திருந்தா தொடச்சிருப்பேன்."

இப்போதெல்லாம் எங்கள் லேபுக்கு வருகிற நம் ஆட்களிடம் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று நான் கேட்பதில்லை, எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்கிறார்கள், அதனால் உங்கள் ஊர்க் கோயிலில் அடுத்து என்ன விசேஷம் என்று கேட்கிறேன்.